வீட்டில் எங்கே இடறுகிறது? அன்றாட வாழ்க்கையை எளிதாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் நம்மைக் களைக்க வைப்பவை பெரும்பாலும் சின்னத் தொல்லைகள்தாம். சாவியைத் தேடுவது, பாதியில் சிக்கிக்கொள்ளும் இழுப்பறையோடு மல்லுக்கட்டுவது, அடியில் இருக்கும் பாத்திரத்துக்காக மேலே உள்ள நான்கையும் இறக்கி வைப்பது, சொட்டும் குழாயைக் கேட்டுக்கொண்டே தூக்கம் வராமல் புரள்வது. ஒவ்வொன்றும் அரை நிமிடத் தொல்லை. ஆனால் அதுவே நாளுக்குப் பலமுறை, ஆண்டு முழுவதும் வருகிறது.

வீட்டை ஒழுங்குபடுத்த நினைத்ததும் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கடைக்குப் போய்ப் பெட்டிகளும் தாங்கிகளும் வாங்கி வருகிறார்கள். இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர்களைக் கடிந்துகொள்கிறார்கள். இரண்டின் பலனும் சில நாளில் மறைந்துவிடும். இடறும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தையே மாற்றினால்தான் மாற்றம் தங்கும். ஒரு பொருள் தினமும் தவறான இடத்தில் கிடந்தால், அதற்கென்று கொடுத்த இடம் சரியில்லை என்று பொருள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த எண்ணத்தில் எழுந்தவை. நேரம் குறைவானவர்கள் முதல் இரண்டு படிகளை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

படி 1: ஒரு வாரம் கவனியுங்கள்

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒரு தாளை ஒட்டி, பக்கத்திலேயே ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். யாருக்கு எது எரிச்சலூட்டினாலும் அந்த நேரத்திலேயே ஒரு வரி எழுத வேண்டும். "கத்தரிக்கோல் எங்கே?", "குளியலறைக் கதவு உரசுகிறது", "படிக்கட்டு விளக்கின் ஸ்விட்ச் கீழே மட்டும்தான் இருக்கிறது" என்கிற அளவுக்குச் சுருக்கமாக இருந்தால் போதும். பிறகு எழுதலாம் என்று தள்ளிவைத்தால் மறந்துவிடும். பழகிப்போன தொல்லை கண்ணுக்கே தெரியாது.

குழந்தைகளையும் முதியவர்களையும் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்களுடைய உயரம் வேறு, கைவலு வேறு. ஆகவே அவர்கள் இடறும் இடங்களும் வேறு. எட்டாத கொக்கி, திருகித் திறக்க முடியாத மூடி, இரவில் இருண்டு கிடக்கும் நடைவழி எல்லாம் அவர்கள் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

எழுதுவதில் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: ஆளின் பெயர் வரக் கூடாது. "அவன் துண்டைக் கட்டிலில் போடுகிறான்" என்று எழுதினால் அது சண்டையில் முடியும். "ஈரத் துண்டு கட்டிலில் கிடக்கிறது" என்று எழுதிப் பாருங்கள். அந்த அறையில் துண்டு மாட்ட ஒரு கொக்கிகூட இல்லை என்பது தானாகவே புலப்படும்.

வார முடிவில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆபத்து, பழுது, இடைஞ்சல் என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். வேலையும் அதே வரிசையில் நடக்கட்டும்.

படி 2: ஆபத்தானவை காத்திருக்கக் கூடாது

மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் செருகியிருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள். ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி, மின்கெட்டில் போன்று சூடேற்றும் கருவிகள் அதிக மின்சாரத்தை இழுப்பவை. அவற்றைச் சுவரில் உள்ள சாக்கெட்டில் நேரடியாகச் செருக வேண்டும். பயன்படுத்தும்போது பிளக் சூடாவது, சாக்கெட்டைச் சுற்றிக் கருகிய தடம், தீய்ந்த வாசனை ஆகிய மூன்றில் எது இருந்தாலும் அந்தச் சாக்கெட்டைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். கம்பளத்துக்கு அடியில் ஓடும் ஒயரையும் வெளியே எடுத்துவிடுங்கள். அங்கே சூடு வெளியேறாது. ஒயரின் உறை கிழிந்தாலும் தெரியாது.

மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் உங்கள் மின்பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். உயிர் காப்பதற்காகப் பல நாடுகளில் பொருத்தப்படும் வகை, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். அதில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். இணைப்பு நிற்காவிட்டால் ஸ்விட்சை மாற்ற வேண்டும்.

அடுத்தது எரிவாயு. அதற்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிவை நாம் உணர வேண்டும் என்பதற்காகவே நாற்றமுள்ள கந்தகச் சேர்மம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். சிலிண்டரில் வரும் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது, மேலே ஏறும். எதுவாக இருந்தாலும், நாற்றம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். போடும்போது மட்டுமல்ல, அணைக்கும்போதும் பொறி எழலாம். அடுப்புக்கான வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரையும் வெளியே அழைத்துச் சென்ற பிறகே போன் செய்யுங்கள்.

கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ மூடிய அறைக்குள் இயக்கவே கூடாது. அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் விழிக்காமலே இறந்துவிடக்கூடும். கடாயில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் சட்டென்று ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபுறமும் வாரியடிக்கும். அடுப்பை அணைத்து, ஒரு மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி மேலே மூடி, கடாயை அசைக்காமல் ஆறவிடுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். கருவி வாங்கிப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

வீட்டு விபத்துகளில் விழுவதைப் பலரும் பொருட்படுத்துவதே இல்லை. ஈரமான குளியலறைத் தரையில் வழுக்காத விரிப்பைப் போடுங்கள். ஓரம் சுருண்ட மிதியடியைத் தூக்கி எறியுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுவதும் மங்கலான ஒளி இருக்கட்டும். குளியலறையில் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஆழமாகப் பதித்த கைப்பிடி தேவை. துண்டு போடும் கம்பி ஒரு மனிதரின் எடையைத் தாங்காது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் உயரமான அலமாரியையும் டிவியையும் சுவரோடு பிணைத்துவிடுங்கள். பொத்தான் போன்ற வட்ட பேட்டரிகளைப் பூட்டிவையுங்கள். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் தங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடும் புண் உண்டாகலாம். சந்தேகம் எழுந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கடைசியாக, மின்சாரத்தின் மெயின் ஸ்விட்ச், தண்ணீரின் மெயின் வால்வு, எரிவாயு வால்வு ஆகிய மூன்றும் எங்கே என்பதை வீட்டில் உள்ள பெரியவர்கள், விவரம் தெரிந்த பிள்ளைகள் எல்லோருக்கும் காட்டுங்கள். காட்டினால் மட்டும் போதாது. ஒருமுறை அவர்களே தம் கையால் மூடித் திறந்து பார்க்கட்டும். நீண்ட நாள் திருகாத வால்வு இறுகிப்போயிருக்கும். அதை அவசர நேரத்தில் கண்டுபிடிப்பதைவிட இப்போது கண்டுபிடிப்பது நல்லது.

படி 3: பழுதுகளை ஒரே நாளில் முடியுங்கள்

பழுது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் எதற்கும் நாள் வாய்க்காது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வகை ஸ்க்ரூடிரைவர், கொறடு, திருகி அளவு மாற்றும் ஸ்பேனர், சுத்தியல், அளவுநாடா, குழாய் மரைக்குச் சுற்றும் டெஃப்லான் டேப், டார்ச் ஆகியவை ஒரு சிறு பெட்டியில் இருந்தால் பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடும்.

சொட்டும் குழாயை அலட்சியம் செய்யாதீர்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு. ஒரு சொட்டைக் கால் மில்லிலிட்டர் என்று கொண்டாலும் நாளுக்கு 21 லிட்டருக்கு மேல்; ஆண்டுக்கு ஏறத்தாழ 7,900 லிட்டர். பழைய வகைத் திருகு குழாயில் பெரும்பாலும் தேய்ந்த வாஷரை மாற்றினாலே போதும். மாற்றும் முன் வால்வை மூடி, வடிகால் துளையை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். சின்னத் திருகு உள்ளே விழுந்துவிட்டால் அன்றைய நாள் அதோடு போயிற்று.

கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டி ஓசையில்லாமல் கசியும். தொட்டி நீரில் உணவு நிறமியைச் சில துளிகள் விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் தொட்டியின் அடியில் உள்ள ரப்பர் மூடி சரியாகப் பொருந்தவில்லை.

அதிகம் புழங்காத குளியலறையில் சாக்கடை நாற்றம் வருகிறதா? வாசனைத் திரவியம் வாங்க ஓடாதீர்கள். வடிகால் குழாயில் ஒரு வளைவு உண்டு. அதில் எப்போதும் தேங்கி நிற்கும் நீர்தான் கீழிருந்து வரும் வாயுவைத் தடுக்கிறது. 1775இல் அலெக்சாண்டர் கமிங் காப்புரிமை பெற்ற கழிப்பறையின் வளைகுழாயும் இதே ஏற்பாடுதான். பயன்படுத்தாவிட்டால் அந்த நீர் வற்றிவிடும். வாரம் ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நின்றுவிடும்.

சிக்கும் மர இழுப்பறையின் ஓரங்களில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். இறுகிய பூட்டில் எண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்து மேலும் இறுகும். பென்சில் முனைத்தூள் நன்றாக வேலை செய்யும். திருகு நிற்காமல் ஆடும் கீலுக்கு, துளையில் மரப்பசை தடவிய பல்குத்தும் குச்சிகளைச் செருகி, காய்ந்தபின் வெட்டிவிட்டு மறுபடி திருகினால் இறுகப் பிடிக்கும்.

படி 4: ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம்

இந்த வழிகாட்டியில் உங்கள் அன்றாடத்தை அதிகம் மாற்றப்போவது இந்தப் படிதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

பொருளை இனம் பார்த்து வைக்கும் பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். "மருந்துகள் எல்லாம் ஒரே இடத்தில், கத்தரிக்கோல்கள் எல்லாம் ஒரே இடத்தில்" என்பது கடைக்குப் பொருந்தும். வீட்டில் பொருள் எங்கே பயன்படுகிறதோ அங்கேதான் இருக்க வேண்டும். சமையலறையில் பொட்டலம் வெட்ட ஒரு கத்தரிக்கோல், எழுதும் மேசையில் ஒன்று என்று இரண்டு இருந்தால் அது வீண்செலவு ஆகாது. மாடியில் பெருக்க ஒரு துடைப்பம், கீழே ஒன்று. குளியலறையைத் துடைக்கும் துணி குளியலறையிலேயே. எடுக்கப் போகும் நடை குறைந்தால் வேலை செய்வதில் உள்ள சோம்பலும் குறையும். மருந்துகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: குளியலறையின் ஈரமும் அடுப்பருகே இருக்கும் சூடும் அவற்றைக் கெடுக்கும். உலர்ந்த, குளிர்ந்த, குழந்தைகளுக்கு எட்டாத அலமாரியே அவற்றுக்கு ஏற்றது.

அடுத்தது உயரம். இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகள்தான் வீட்டின் விலைமதிப்புள்ள இடம். தினமும் தொடுபவை அங்கே. வாரம் ஒருமுறை எடுப்பவை அதற்குக் கீழே. ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பவை மேலே. கனமான பொருள் எதையும் தலைக்கு மேல் வைக்காதீர்கள். பல வீடுகளில் யாரும் தொடாத அழகுப் பாத்திரங்கள் கண்ணுக்கு நேரே வீற்றிருக்க, தினமும் புழங்கும் பாத்திரம் குனிந்து எடுக்கும் இடத்தில் கிடக்கிறது. இதை மாற்றி வைக்க ஒரு மணி நேரம் போதும்; அதன் பயனை முதுகு ஒவ்வொரு நாளும் உணரும்.

மூன்றாவது, ஒரே அசைவு. தினசரிப் பொருளை ஒரு கையால், ஒரே அசைவில் எடுக்கவும் திரும்ப வைக்கவும் முடிய வேண்டும். எடுப்பதைவிட வைப்பதுதான் முக்கியம். தேவை இருக்கும்போது எவ்வளவு சிரமப்பட்டாலும் எடுத்துவிடுவோம். வேலை முடிந்த களைப்பில்தான் திரும்ப வைக்கிறோம். மூடியுள்ள கூடையில் அழுக்குத்துணி விழாமல் கூடையின் மேலேயே குவிவது இதனால்தான். மூடியைக் கழற்றி எறிந்து பாருங்கள். சட்டையை ஹேங்கரில் மாட்டாத பிள்ளை கொக்கியில் மாட்டும். கொக்கி போதும் என்று விட்டுவிடுங்கள்.

வாசல் பகுதிக்குத் தனிக் கவனம் தேவை. வெளியே போகும் அவசரமும் திரும்பி வரும் அசதியும் அங்கேதான் சந்திக்கின்றன. சாவிக்கு ஒரு கொக்கி, கையில் உள்ளதை இறக்கி வைக்க ஒரு தட்டு, பைக்கு ஒரு கொக்கி, செருப்புக்கு ஓர் அடுக்கு. நாளை எடுத்துப்போக வேண்டியதை இன்று இரவே அந்தத் தட்டில் வைத்துவிட்டால் காலையில் நினைவாற்றலை நம்ப வேண்டியதில்லை.

இனி, கழிப்பது. வீடு முழுவதையும் ஒரே நாளில் கொட்டி அடுக்க முயலாதீர்கள். மாலைக்குள் முடியாது, கட்டில் மேல் குவிந்ததை மறுபடி அலமாரிக்குள் திணிப்பதில்தான் முடியும். ஒரு தட்டு, அல்லது ஓர் இழுப்பறை. அதைக் காலிசெய்து துடைத்துவிட்டு, திரும்ப வைக்க வேண்டியவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எதை எறிவது என்று தேடுவதைவிட எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது மனத்துக்கு எளிது. முடிவெடுக்க முடியாதவற்றை ஒரு பெட்டியில் போட்டு, மேலே இன்றைய தேதியை எழுதுங்கள். ஆறு மாதம் யாரும் அந்தப் பெட்டியைத் தேடாவிட்டால் கொடுத்துவிடலாம். நினைவுப் பொருள்களைக் கடைசியில் தொடுங்கள். அவற்றில் கை வைத்தால் அன்று வேறு வேலை ஓடாது. பிறருடைய பொருளை அவர் அனுமதியில்லாமல் எறியாதீர்கள். அது உடைக்கும் நம்பிக்கையை எந்த ஒழுங்கும் ஈடுசெய்யாது.

பெட்டிகளும் கூடைகளும் எல்லாம் முடிந்த பிறகுதான். எத்தனை பொருள் மிஞ்சுகிறது, தட்டின் அளவு என்ன என்று தெரியாமல் வாங்கிய பெட்டி, அடைசலில் இன்னொன்றாகத்தான் சேரும்.

படி 5: சமையலறை

சமையலறையில் நடக்கும் நடையை அளந்து பார்க்கும் ஆராய்ச்சி பழையது. 1926இல் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஜெர்மனியின் ஃபிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் குறுகிய சமையலறைதான் அவருக்கு முன்மாதிரி. ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட அந்த அறையில் பெரும்பாலான பொருள்கள் சில அடி தூரத்துக்குள் இருந்தன. சேமிப்புக் கலன்களுக்குக் கைப்பிடியும் ஊற்றும் மூக்கும் இருந்தன. காய் நறுக்கும் பலகையின் அருகிலேயே கழிவு விழும் இழுப்பறை இருந்தது. பெண்ணின் உழைப்பு மதிப்புள்ளது, அதை வீணாக்கக் கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது.

உங்கள் சமையலறையை இடித்துக் கட்ட வேண்டியதில்லை. அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் மூன்றுக்கும் இடையே நடக்கும் பாதையில் எதுவும் குறுக்கே நிற்காமல் பாருங்கள். கரண்டியும் உப்பும் அடுப்பருகே, கத்தியும் பலகையும் சிங்க்கருகே, மிச்சத்தை எடுத்து வைக்கும் டப்பாக்கள் ஃப்ரிட்ஜருகே இருக்கட்டும். நறுக்கும்போது கழிவைப் போட ஒரு கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேடையின் உயரம் நிற்பவரின் முழங்கைக்குச் சுமார் 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருந்தால் தோளும் முதுகும் வலிக்காது. மேடை தாழ்வாக இருந்தால் கனமான பலகை ஒன்றை அதன்மேல் வைத்து நறுக்கலாம். உயரமாக இருந்தால் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகளை மேசைக்கு மாற்றிவிடலாம்.

ஃப்ரிட்ஜின் உள்வெப்பம் 5 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. உறைபெட்டி மைனஸ் 18இல் இருக்க வேண்டும். திருகியில் உள்ள எண்கள் டிகிரியைக் காட்டுவதில்லை என்பதால் சிறிய வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துப் பாருங்கள். கதவின் ரப்பரைச் சோதிக்க, ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் பெருகும். பெரிய பாத்திரத்தில் உள்ளதை ஆழமில்லாத சிறு பாத்திரங்களில் பிரித்தால் சீக்கிரம் ஆறும். சமைக்காத இறைச்சியைக் கீழ்த்தட்டில் வைத்தால் அதன் நீர் மற்றவற்றில் சொட்டாது. புதிதாக வாங்கியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வையுங்கள். உணவு வீணாவதைக் குறைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சும் துடைக்கும் துணியும் ஈரமாகவே கிடந்தால் அவற்றில் கிருமிகள் செழிக்கும். பிழிந்து, காற்றுப்படத் தொங்கவிடுங்கள். துணியை அடிக்கடி வெந்நீரில் துவையுங்கள். ஸ்பாஞ்ச் நாறத் தொடங்கினால் தயங்காமல் எறியுங்கள்.

படி 6: காற்றும் ஈரமும்

ஒரு ஜன்னலை மட்டும் திறந்தால் காற்று ஓடாது. எதிரெதிரே இரண்டைத் திறக்க வேண்டும். சமைக்கும்போதும் குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, வேலை முடிந்து சிறிது நேரம் வரை ஓடவிடுங்கள். அறைக்குள் ஈரப்பதம் 30 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது; அதை அளக்கும் சிறு கருவி மலிவானது.

சுவரில் ஓதம் ஏறினாலோ, பூசணம் படிந்தாலோ மேலே பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காதவரை பூசணம் திரும்பத் திரும்ப வரும். மழை பெய்தபின் ஓதம் கூடினால் வெளிச்சுவரிலோ கூரையிலோ வெடிப்பு இருக்கலாம். எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தால் குழாய்க் கசிவைச் சந்தேகியுங்கள். குளிர்ந்த வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியின் பின்னால் மட்டும் பூசணம் பிடித்தால், அங்கே காற்றோட்டம் இல்லை என்று பொருள். அலமாரியைச் சில சென்டிமீட்டர் முன்னே இழுத்து வையுங்கள். தண்ணீர் கொட்டி நனைந்த விரிப்பையும் மெத்தையையும் ஓரிரு நாளுக்குள் முழுவதும் உலர்த்திவிட்டால் பூசணம் பெரும்பாலும் பிடிக்காது.

படி 7: சுத்தம்

மேலிருந்து கீழ், உலர்ந்ததிலிருந்து ஈரம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஒட்டடையும் மின்விசிறியும், பிறகு அலமாரி, கடைசியில் தரை. பெருக்கிய பிறகுதான் துடைப்பு. வரிசை மாறினால் ஒரே தரையை இரண்டுமுறை துடைக்க நேரும்.

கறைக்கு முதல் மருந்து பொறுமை. சோப்புக் கரைசலைப் பூசிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் தேய்க்கும் உழைப்பு பாதியாகும். கிருமிநாசினிக்கும் நேரம் தேவை. தடவிய உடனே துடைத்தால் அது வேலை செய்யாது. எத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும் என்று புட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். அழுக்கின் மேல் அதை ஊற்றுவதும் பயனற்றது; முதலில் சோப்பால் கழுவுங்கள். குழாய்களில் வெள்ளையாகப் படியும் உப்புக்கறை வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்தால் கரையும். ஆனால் பளிங்குக் கல்லில் வினிகர் படக் கூடாது, கல்லையே அரித்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பிளீச்சுடன் வேறு எந்தச் சுத்தப்படுத்தும் திரவத்தையும் கலக்காதீர்கள். அமிலம் கலந்தால் குளோரின் வாயுவும், அம்மோனியா கலந்தால் குளோரமின் வாயுவும் வரும். இரண்டும் நுரையீரலைத் தாக்கும் நச்சு. வினிகரும் பல கழிப்பறைக் கிளீனர்களும் அமிலம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

துணி துவைப்பதில் மூன்று செய்திகள் போதும். சலவைத்தூளை அதிகம் போட்டால் துணி அதிகம் வெளுக்காது, தூள்தான் துணியிலேயே தங்கும். இரத்தக் கறையைக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும், வெந்நீர் அதை உறையவைத்துவிடும். துவைத்து முடிந்ததும் இயந்திரத்தின் கதவைத் திறந்தே வைத்தால் உள்ளே நாற்றம் வராது. சிறு குழந்தைகள் இருந்தால் அவர்கள் உள்ளே ஏறிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: உறக்கத்துக்கு ஏற்ற அறை

படுக்கையறை இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் அமைதியாகவும் இருந்தால் போதும்; அழகு அதற்குப் பிறகுதான். மாலைக்கு மேல் வெள்ளை நீல ஒளி உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கும். எல்.இ.டி. பல்பின் பெட்டியில் கெல்வின் எண்ணைப் பாருங்கள்: 2700 மஞ்சள் கலந்த இதமான ஒளி, 6500 பகல்போன்ற வெள்ளை. படுக்கையறைக்கு முந்தையது. வேலை செய்யும் இடங்களுக்கு 4000 கண்ணுக்கு நன்றாக இருக்கிறது என்பது என் கருத்து. பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த ஒளியை எல்.இ.டி. 8 அல்லது 9 வாட்டில் தருகிறது.

காபியில் உள்ள கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி, இரவு 10 மணிக்கும் உங்களுக்குள் இருக்கும். போனின் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்து வேறு அறையில் வையுங்கள். மன உறுதியால் முடியாததை அந்தத் தூரம் முடித்துக்கொடுக்கும். விரிப்புகளை வாரம் ஒருமுறை, துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தூசிப்பூச்சிகள் சாகும். காலையில் தும்மிக்கொண்டே எழுபவர்கள் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள்.

படி 9: பழக்கமும் பங்கீடும்

மாற்றிய இடங்கள் நிலைக்கச் சில சிறு பழக்கங்கள் தேவை. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று சொல்வதை நம்பி ஏமாறாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் செய்து 2010இல் அச்சான ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. ஆகவே ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள்.

புதுப் பழக்கத்தை, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு கோத்துவிடுங்கள். "சமையலறையைச் சுத்தமாக வைப்பேன்" என்பது வெறும் ஆசை. "இரவு சாப்பிட்டு எழுந்ததும் மேடையைத் துடைப்பேன்" என்பது நடக்கும். எப்போது, எங்கே என்று சேர்த்து முடிவெடுப்பவர்களே அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பழக்கம் போதும். நான் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இரவில் சிங்க்கைக் காலியாக்குவதைச் சொல்வேன். மறுநாள் காலை முழுவதும் அதன் இலேசு தெரியும்.

பங்கீட்டைப் பற்றிப் பேசாமல் எந்த வீட்டுக் குறிப்பும் முழுமையாகாது. எத்தனையோ வீடுகளில் ஒருவர் மட்டுமே எல்லாவற்றையும் நினைவில் சுமக்கிறார்: எது தீரப்போகிறது, எப்போது கட்டணம் செலுத்த வேண்டும், யாருக்கு எப்போது தடுப்பூசி. 2019இல் சமூகவியலாளர் அலிசன் டேமிங்கர் இந்தக் கண்ணுக்குத் தெரியாத உழைப்பை நான்காகப் பிரித்துக் காட்டினார்: தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கவனிப்பது. அவர் ஆராய்ந்த குடும்பங்களில் முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் பெண்கள் மேல் விழுந்தன.

இதனால்தான் "சொன்னால் செய்கிறேன்" என்பது உதவி ஆகாது. சொல்வதே ஒரு வேலை. வேலையைத் துண்டாகக் கொடுக்காமல் முழுதாகக் கைமாற்றுங்கள். குப்பை ஒருவருடைய பொறுப்பு என்றால், பை தீர்வதைக் கவனிப்பது, வாங்குவது, வண்டி வரும் நாளை நினைவில் வைப்பது, கூடையைக் கழுவுவது எல்லாமே அவருடையது. எல்லோரும் உட்கார்ந்து வீட்டு வேலைகளை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இப்போது யார் நினைவில் வைத்திருக்கிறார் என்று எழுதுங்கள். ஒரே பெயர் வரிசையாக வந்தால் அங்கிருந்து இரண்டு மூன்றை முழுதாக எடுத்து வேறொருவருக்குக் கொடுங்கள். பத்து வயதுக் குழந்தை தன் துணியை மடித்து அடுக்கலாம். ஐந்து வயதுக் குழந்தை செருப்புகளை அடுக்கிலே வைக்கலாம். அதற்கு அந்த அடுக்கு அதன் உயரத்தில் இருக்க வேண்டும்.

பொறுப்பைக் கொடுத்தவருக்கும் ஒரு கடமை உண்டு. எந்த நிலையில் வேலை முடிந்ததாகக் கொள்வது என்பதைத் தொடங்கும் முன்பே இருவரும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். அதன்பிறகு அவர் தம் வழியில் செய்வார். முதல் சில வாரங்கள் மெதுவாகவும் நடக்கும். நடுவில் புகுந்து திருத்தாதீர்கள், அவர் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து உட்கார்ந்து பேசி, பொருந்தாத பொறுப்புகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.